நீர்வண்ணத்தில் வெள்ளை எங்கிருந்து வருகிறது?

1577 வாக்கில் யாக்கோபோ லிகோட்சி என்ற ஓவியர் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில், அதை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் அரசவையில் சேர்ந்தார். கோமகன் முதலாம் ஃபிரான்செஸ்கோவுக்குச் செடிகொடிகள் மேல் தீராத ஆசை. அமெரிக்காவிலிருந்து வந்த ஆனைக் கற்றாழை, அன்னாசி, நம் ஊரில் வேலியோரம் பூக்கிற அந்திமந்தாரை எல்லாம் லிகோட்சியின் தாளில் ஏறின. படங்களில் சில பொலோனியாவில் இருந்த இயற்கை ஆய்வாளர் அல்த்ரோவாந்திக்கும் போயின. செடியைக் கண்ணால் பார்க்க வாய்ப்பில்லாதவருக்குப் படம்தான் சாட்சி. அதனால் நிறம் பிசகக் கூடாது.

நீர்வண்ணம் என்பது பொடித்த நிறமியும் வேலம்பிசின் கரைசலும்தான். தண்ணீர் காய்ந்ததும் பிசின் துகள்களைத் தாளோடு ஒட்டிவிடும். தாளுக்கு முன்கூட்டியே தோலிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரம் பூசியிருப்பார்கள். இல்லையென்றால் வண்ணம் உள்ளே ஊறி, விளிம்பு கசிந்துவிடும்.

ஒளி மெல்லிய வண்ணப் படலத்தைக் கடந்து தாளில் பட்டு, மறுபடி படலம் வழியாகவே வெளியே வருகிறது. போகும்போதும் வரும்போதும் நிறம் வடிகட்டப்படுகிறது. பழத்தோலின் உள்ளொளி இப்படித்தான் கிடைக்கிறது. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளைச் சும்மா விட்டாலே போதும்.

சரி, எல்லா நிறமியும் ஏன் ஒளியை உள்ளே விடுவதில்லை? பஜ்ஜி வைத்த தாளில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் மறுபக்கம் தெரியும், இல்லையா? ஒரு பொருளுக்குள் நுழையும்போது ஒளி எவ்வளவு வளைகிறது என்று சொல்வது ஒளிவிலகல் எண். காகித நாரின் எண்ணும் எண்ணெயின் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்று. எல்லையில் ஒளி சிதறாது. பிசினின் எண் சுமார் 1.5. சாயத்தைப் படிகாரத்தோடு சேர்த்துப் படியவைத்த சிவப்பு நிறமிகளும் அதற்குப் பக்கத்தில்தான், அதனால் கண்ணாடி மாதிரி நிற்கும். ஈய வெள்ளைக்கோ சுமார் 2. ஒளியைச் சிதறடித்து, அடியில் இருப்பதை மறைத்துவிடும். கருமையான திராட்சையின் மேல் மினுக்கம் வைக்க அதைத்தான் தொட்டு வைப்பார்கள்.

நீலத்துக்கு அசுரைட் கல். அதை நைசாக அரைத்தால் நல்ல நீலம் வரும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு: துகள் சிறுக்கச் சிறுக்க ஒளி மேற்பரப்பிலேயே சிதறி, நீலம் வெளிறிப்போகும். கொரகொரப்பாக விட்டால்தான் ஆழமான நீலம். பூசுவதற்குத்தான் பாடாய்ப் படுத்தும்.

பழைய செடி ஓவியங்கள் சிலவற்றில் இலை நீலமாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓவியரின் விசித்திர ரசனை இல்லை. நீலக் கனிமத்தோடு செடியிலிருந்து எடுத்த மஞ்சளைக் கலந்து பச்சை உண்டாக்கினார்கள். ஒளி பட்டுப் பட்டு மஞ்சள் மூலக்கூறு சிதைந்தது, கனிமம் அப்படியே நின்றது. ஈய வெள்ளைக்கு வேறு நோய். காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் அது கறுத்து ஈய சல்பைடாகும். எண்ணெய் ஓவியத்தில் எண்ணெய் ஓரளவு காக்கும், இங்கே அந்தப் போர்வை கிடையாது. ஹைட்ரஜன் பெராக்சைடை அளந்து வைத்து அந்தக் கறுப்பை வெண்மையான ஈய சல்பேட்டாக மாற்றலாம். போன மஞ்சளுக்கு அப்படி வைத்தியம் எதுவும் இல்லை. அருங்காட்சியகங்கள் இந்த ஓவியங்களைச் சுமார் 50 லக்ஸ் வெளிச்சத்தில், அதுவும் கொஞ்ச காலம்தான் வெளியே வைக்கின்றன.