வாட்ச் கண்ணாடி தூக்கினால் பசை தேடாதீர்கள்

நேற்று சாயங்காலம் என் ரிப்பேர் கடைக்கு ஒரு ஸ்மார்ட்வாட்ச் வந்தது. திரையின் ஒரு ஓரம் தூக்கி நின்றது, அதைச் சுற்றி இரண்டு ரப்பர் பேண்ட். "கண்ணாடி கழன்றுருச்சுண்ணே, ஒட்டிக் குடுங்க" என்றார் கொண்டுவந்த தம்பி. இந்த மாதம் இது நான்காவது.

கண்ணாடி கழலவில்லை. உள்ளேயிருந்து பேட்டரி அதைத் தள்ளியிருக்கிறது. பசையோ ரப்பர் பேண்டோ போட்டு அமுக்குவது, பொங்குகிற பானையை மூடியால் அழுத்திப் பிடிப்பது மாதிரி. கழற்றிப் பார்த்தேன். தகடு போல இருக்க வேண்டிய வெள்ளி நிறப் பேட்டரிப் பை பூரியாக உப்பியிருந்தது. கூடவே லேசாக நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை. அந்த வாசனை வந்தால் பை கசிகிறது என்று அர்த்தம். உடனே ஜன்னலைத் திறந்துவிடுவோம்.

அடுத்து அவர் கேட்டதுதான் எனக்கு ஆறவே இல்லை. "ஊசியால குத்திக் காத்தை எடுத்துட்டா சரியாயிடுமாமே?" யார்தான் இதைக் கிளப்பிவிட்டார்களோ! அது காற்றே இல்லை. பேட்டரிக்குள் இருக்கும் திரவம் சிதைந்து உண்டான வாயு, தீப்பிடிக்கக்கூடியது. வாயு வெளியேறினாலும் கெட்டுப்போன திரவம் நல்லதாகாது. ஊசி உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பைக் கிழித்தால் ஷார்ட் ஆகி அங்கேயே நெருப்பு பிடிக்கலாம். "சின்ன பேட்டரிதானே" என்கிறார்கள். அது தோலை ஒட்டி இருக்கிறதே! பேட்டரி சூடாகிறது என்று 2022 மார்ச்சில் ஃபிட்பிட் நிறுவனம் தன் அயானிக் வாட்ச்சைத் திரும்பப் பெற்றபோது, அமெரிக்காவில் மட்டும் 78 தீக்காயப் புகார்கள் இருந்தன.

இப்போது மோதிரத்திலும் பேட்டரி வந்துவிட்டது. விரலில் இருக்கும்போது உப்பினால் எப்படிக் கழற்றுவது?

திரவமே இல்லாத திட பேட்டரிகள் வரப்போகின்றன என்பது உண்மைதான். லிட்டருக்கு 1000 வாட்-மணி அளவுக்குச் சக்தி தேக்கும் பொருளை உருவாக்கியிருப்பதாக ஜப்பானின் டிடிகே நிறுவனம் 2024 ஜூனில் அறிவித்தது. வாட்ச், இயர்பட்ஸ் மாதிரி சின்னச் சாதனங்களுக்குத்தான் அது. சீக்கிரம் வரட்டும், என்னைவிட யார் சந்தோஷப்படப் போகிறார்கள்? அதுவரை உங்கள் கையில் இருப்பது திரவம் ஊறிய பைதான்.

அதனால், திரை தூக்கினால் வாட்ச்சைக் கழற்றுங்கள். சார்ஜ் போடாதீர்கள். அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். துணி, காகிதம் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வையுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை லாரியில் நசுங்கும், தீப்பிடித்தால் அங்கே வேலை செய்கிறவருக்குத்தான் ஆபத்து. மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். வாட்ச் நன்றாக இருந்தாலும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போகாதீர்கள், தலையணைக்கு அடியில் சார்ஜ் போடாதீர்கள். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் சீக்கிரம் உப்பும்.

சந்தேகமாக இருந்தால் தயவுசெய்து பக்கத்தில் இருக்கும் ரிப்பேர் கடையில் காட்டுங்கள். பார்த்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.