பாறையைப் பிடிப்பது விரலா, முன்கையா?

வள்ளியூர், களக்காடு பக்கம் வயலுக்கும் வாழைக்கும் நடுவே மொட்டைப் பாறையாக எழும் பொத்தைகள் நமக்கு ஆடு மேயும் இடம். மிஞ்சிப்போனால் உச்சியில் ஒரு கோயில். பாறை ஏறுவதையே தொழிலாகக் கொண்டவர்களும் உலகில் இருக்கிறார்கள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து அது பதக்க விளையாட்டு. அதில் போல்டரிங் என்ற வகையில் கயிறே கிடையாது. நாலைந்து மீட்டர் உயரம், கீழே மெத்தை, அவ்வளவுதான். இவர்களின் பிழைப்பு தோள்வலிமையில் இருப்பதாகத் தோன்றும். பெரும்பாலும் அது விரலுக்குள் ஒளிந்திருக்கும் சிறு பட்டையை நம்பியிருக்கிறது.

விரலை மடக்கும் தசை விரலில் இல்லை, முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் தசைநாண், சைக்கிள் பிரேக் கம்பி போல மணிக்கட்டைக் கடந்து வந்து நுனி எலும்பை இழுக்கிறது. நாண் எலும்பைவிட்டு விலகாதபடி விரல் நெடுகக் குறுக்கே நார்ப்பட்டைகள் அணைத்துப் பிடித்திருக்கின்றன. மெல்லிய பாறை விளிம்பில் தொங்குபவர் நடு மூட்டைச் செங்குத்தாக மடக்கி, நுனி மூட்டைப் பின்னுக்கு வளைத்துப் பிடிக்கிறார். பிடி இறுகுகிறது, ஆனால் அந்த மடிப்பில் நாண் வெளியே துள்ளப் பார்க்கிறது. அதைத் தடுக்கும் வேலை முக்கியமாக விரலின் அடி எலும்பிலுள்ள பட்டைக்கு. நுனியில் உள்ள சுமை அங்கே பல மடங்காகிறது. பட்டை அறும்போது ‘டப்’ என்ற ஓசை பல நேரம் காதிலேயே கேட்கும். அதிகம் மாட்டிக்கொள்வது மோதிர விரல். தசை சில மாதங்களில் வலுத்துவிடும்; ரத்த ஓட்டம் குறைந்த நாணும் பட்டையும் தேற ஆண்டுகள் ஆகும். வேகமாக முன்னேறும் இளைஞர்கள் அடிபடுவது இந்த இடைவெளியில்தான்.

நம் பனையேறிகளின் கணக்கு வேறு. தளைநார் பூட்டிய கால்கள் எடையைத் தாங்க, கைகள் மரத்தைக் கட்டிக்கொள்கின்றன. தேய்வது நெஞ்சும் பாதமும். உழைப்பில் அவர்கள் எந்த வீரருக்கும் குறைந்தவர்கள் அல்லர். பதக்கம்தான் யாரும் தருவதில்லை.

விரல் தாங்கினாலும் பாறை பிடிகொடுக்க வேண்டும். வியர்வையை உறிஞ்ச மக்னீசியம் கார்பனேட் தூளைப் பூசிக்கொள்கிறார்கள். காலணியின் ரப்பர் பாறையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அழுந்திப் பற்றுகிறது. சூட்டில் அளவுக்கு மீறி இளகினால் வழுக்குகிறது. சித்திரை வெயிலில் நம் பொத்தைகளில் ஏறுவது வீண்வேலை. மார்கழி விடியல் ஏற்றது, பாறையில் மழை ஈரம் இல்லாவிட்டால்.

கலிஃபோர்னியாவின் எல் கேப்பிடன் பாறையில், ‘டான் வால்’ என்ற பாதையை டாமி கால்டுவெல்லும் கெவின் ஜார்ஜ்சனும் 2014 டிசம்பர் கடைசியில் தொடங்கி 2015 ஜனவரியில் முடித்ததும் குளிருக்காகவே. வெயில் நேரே விழும் முகம் அது. ஆகவே கடினமான பகுதிகள் பலவற்றை இரவில், தலைவிளக்கு வெளிச்சத்தில் ஏறினார்கள். மொத்தம் 19 நாட்கள். கால்டுவெல்லுக்கு இடக்கை ஆள்காட்டி விரல் பெரும்பகுதி கிடையாது. 2001-இல் மரம் அறுக்கும் ரம்பத்தில் போய்விட்டது. அந்தக் கையின் சுமையை மற்ற மூன்று விரல்களின் பட்டைகள்தாம் பங்கிட்டுக்கொண்டன.