சிறுநீரகம் கழிவைத் தேடுவதில்லை

சிறுநீரகம் ரத்தத்தில் உள்ள கழிவை வடிகட்டி வெளியே தள்ளுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். தவறில்லை, ஆனால் வேலை நடக்கும் வரிசை நேர் தலைகீழ். ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருக்கும் நல்லது கெட்டது எல்லாவற்றையும் அது முதலில் வெளியே விட்டுவிடுகிறது. பிறகு உடலுக்கு வேண்டியதை மட்டும் மீட்டு ரத்தத்துக்கே அனுப்புகிறது. மீட்கப்படாமல் மிஞ்சுவதுதான் சிறுநீர். போகிக்கு முன்னால் பரணில் இருக்கும் சாமான் முழுவதையும் கீழே இறக்கி, வேண்டியதை மட்டும் மறுபடி ஏற்றுவதைப் போன்ற வேலை இது. இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால், சர்க்கரை நோயில் ஏன் அடிக்கடி சிறுநீர் போகிறது, வயிற்றுப்போக்கின்போது வலி மாத்திரை ஏன் ஆபத்து என்பதெல்லாம் தானாக விளங்கும்.

ஒரு சிறுநீரகம் சுமார் 11 செ.மீ. நீளம், 150 கிராம் எடை. இரண்டும் சேர்ந்தாலும் உடல் எடையில் அரை சதவீதம் கூட வராது. ஆனால் இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் 5 லிட்டர் ரத்தத்தில் 1 லிட்டருக்கு மேல் இங்கேதான் வருகிறது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டி மீட்கும் நுண்ணிய அலகுகள், இருக்கின்றன. நெஃப்ரானின் தலைப்பகுதியில் தந்துகிகள் என்ற மிக மெல்லிய ரத்தக்குழாய்கள் சுருண்டு ஒரு முடிச்சாக இருக்கும். அதுதான் குளோமருலஸ்.

உடலின் மற்ற இடங்களில் தந்துகியைத் தாண்டியதும் ரத்தம் சிரைக்குள் போய்விடும். குளோமருலஸில் மட்டும் உள்ளே வருவதும் நுண்தமனி, வெளியே போவதும் நுண்தமனி. வெளிவாசல் ரத்தத்தை எளிதில் விடாது. அதனால் உள்ளே அழுத்தம் சுமார் 60 மி.மீ. பாதரச அளவில் நிற்கிறது. மற்ற தந்துகிகளோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். ஆனால் அத்தனையும் வடிகட்டப் பயன்படுவதில்லை. ரத்தத்தில் உள்ள புரதங்கள் நீரைத் தம் பக்கம் இழுக்கும் விசை சுமார் 32. வெளியே ஏற்கெனவே வடிந்திருக்கும் திரவத்தின் எதிரழுத்தம் 18. மிச்சம் 10 தான். இந்தச் சின்ன மிச்சத்தை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு 125 மில்லி, நாளுக்கு 180 லிட்டர் வடிகிறது. நம் உடலில் உள்ள பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, வெறும் 3 லிட்டர். அப்படியென்றால் அது தினமும் 60 தடவை வடிகட்டப்படுகிறது. சிறுநீராகப் போவதோ 1.5 லிட்டர் அளவுக்குத்தான்.

வடிகட்டிச் சுவரில் மூன்று அடுக்குகள். ரத்த அணுக்கள் இதைத் தாண்ட முடியாது. அல்புமின் போன்ற புரதங்களை, அவற்றின் பருமனாலும் எதிர் மின்னூட்டத்தாலும் சுவர் தடுத்துவிடும். நீண்டநாள் சர்க்கரை நோயிலும் உயர் ரத்த அழுத்தத்திலும் இந்தச் சுவர் அடிவாங்கும். அல்புமின் கசியத் தொடங்கும். கசிவு அதிகமானால் சிறுநீர் தொடர்ந்து நுரைக்கும்.

வடிந்த திரவம் அடுத்து நுண்குழலுக்குள் போகிறது. முதல் பகுதியிலேயே உப்பிலும் நீரிலும் மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்துக்குத் திரும்பிவிடும். குளுக்கோஸ் முழுவதும் மீட்கப்படும். அதை அள்ளும் கடத்திப் புரதங்களுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மி.கி. அளவைத் தாண்டும்போது அவற்றால் ஈடுகொடுக்க முடியாமல் சர்க்கரை சிறுநீரில் வழியும். வழியும் சர்க்கரை நீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடங்காத தாகம் அதனால்தான். சர்க்கரை நோய்க்குத் தரும் டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இந்தக் கடத்தியை வேண்டுமென்றே அடைக்கின்றன. சர்க்கரை குறைவது மட்டுமல்ல, குளோமருலஸின் உள்ளழுத்தமும் தணிவதால் சிறுநீரகம் கெடும் வேகமும் குறைகிறது.

நீரின் கடைசிக் கணக்கைத் தீர்ப்பது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விடும் ஹார்மோன். தண்ணீர் குறைந்தால் அது சுரந்து, சிறுநீரை ரத்தத்தைவிட நான்கு மடங்கு வரை செறிவாக்கும். அதற்கு மேல் முடியாது. அதனால் சொட்டுத் தண்ணீர் குடிக்காவிட்டாலும், அன்றைய கழிவைக் கரைத்து அனுப்ப நாளுக்கு அரை லிட்டர் சிறுநீராவது போயே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மீட்பது வீண் உழைப்பாகத் தோன்றலாம். எனக்கு இது அபாரமான ஏற்பாடாகவே தெரிகிறது. இதுவரை உடல் பார்த்தே இராத ஒரு பொருள் கூட, கரைந்து வடிந்துவிட்டால், அதை மீட்க ஆளில்லாததால் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஒவ்வொரு நஞ்சையும் அடையாளம் காணத் தேவையில்லை. ஆனால் மீட்பதற்கு ஆற்றல் வேண்டும், ஆற்றலுக்கு ஆக்சிஜன் வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்தால் நுண்குழல் செல்கள் வேகமாகப் பாதிக்கப்படுவது அதனால்தான்.

வாந்தி, வயிற்றுப்போக்கில் நீர் வற்றும்போது புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள் குளோமருலஸின் உள்வாசலைத் திறந்து வைத்து வடிகட்டலைக் காப்பாற்றும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் அதைத்தான் தடுக்கின்றன. எனாலபிரில், டெல்மிசார்டான் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் வெளிவாசலைத் தளர்த்தும். சிறுநீர் பிரிக்கும் மாத்திரை ரத்தத்தின் அளவைக் குறைக்கும். மூன்றும் ஒன்றுசேர்ந்தால், மிச்சமிருந்த அந்த 10 மி.மீ. அழுத்தம் காணாமல் போகலாம்; சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. ஆனால் வயிற்றுப்போக்கு தொடங்கிய அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும். வலி மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

நெஃப்ரான்கள் மறுபடி முளைப்பதில்லை. சில அழிந்தால் மற்றவை கூடுதலாக வடிகட்டி ஈடுகட்டும். ஒரு சிறுநீரகத்தைத் தானம் கொடுத்தவர் நலமாக வாழ்வது இதனால்தான். நோய் சத்தமில்லாமல் வளர்வதும் இதனால்தான். ரத்தப் பரிசோதனையில் வரும் கிரியாட்டினின் எண்ணும் ஏமாற்றும். அது தசையிலிருந்து வரும் கழிவு. வடிகட்டல் பாதியானால் இரண்டு மடங்காகும். வழக்கமாக 0.6 இருப்பவருக்கு 1.2 ஆனால் பாதித் திறன் போய்விட்டது என்று பொருள். ஆனால் அறிக்கையில் அது பெரும்பாலும் 'நார்மல்' எல்லைக்குள்ளேயே நிற்கும். தசை மெலிந்த முதியவர்களிடம் இந்த ஏமாற்று இன்னும் அதிகம்.

அதனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வடிகட்டல் வேகத்தை (eGFR) கேட்டு வாங்குங்கள். அது மூன்று மாதத்துக்கு மேல் நிமிடத்துக்கு 60 மில்லிக்குக் கீழே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். கூடவே சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதமும் தேவை. கிராமுக்கு 30 மி.கி.க்குள் இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுப்பது நல்லது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாள் செய்த கடும் உடற்பயிற்சி ஆகியவை இந்த எண்ணைத் தற்காலிகமாக ஏற்றிவிடும். அதனால் ஒரு தடவை கூடிவிட்டது என்பதை வைத்து முடிவுக்கு வராமல், அடுத்த மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி பரிசோதித்து, மூன்றில் இரண்டு தடவையாவது கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.