கறுப்பு வெள்ளை தெரிந்தால் காந்தம் ஆகிவிடாது

"சார், இங்க பாருங்க, ஒவ்வொரு துகளும் வெள்ளைப் புள்ளியா தெரியுது. காந்தம்தானே?"

இரும்பு ஆக்சைடு நானோ துகள்களைச் சிலிக்கான் தகட்டில் சொட்டுவிட்டு, காயவைத்துக் கொண்டுவந்திருந்த ஓர் ஆய்வு மாணவர் கேட்டது. படம் அழகாகத்தான் இருந்தது. அப்படியே ஆய்வேட்டில் ஒட்டிவிடும் அவசரம் அவருக்கு. எம்எஃப்எம் எனப்படும் காந்த விசை நுண்ணோக்கியோடு சில வருடங்கள் உட்கார்ந்திருப்பவன் என்பதால், அழகான படம் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம்.

இந்த எம்எஃப்எம், 1987இல் மார்ட்டினும் விக்ரமசிங்கவும் செய்துகாட்டிய உத்தி. அன்று அவர்களால் பிரித்துக் காட்ட முடிந்த மிக நுண்ணிய அளவு சுமார் 100 நானோமீட்டர். இன்று நல்ல ஊசி அமைந்தால் அதில் பாதிக்கும் இறங்கலாம். கோபால்ட்-குரோமியம் பூசிய சிலிக்கான் ஊசி, ஒரே வரியில் இரண்டு தடவை போகும். முதல் தடவை மேற்பரப்பைத் தட்டித் தட்டி மேடு பள்ளத்தைக் குறித்துக்கொள்ளும். அப்புறம் 50 நானோமீட்டர் போல மேலே எழும்பி, அதே மேடு பள்ளத்தைப் பின்பற்றிப் பறக்கும். பரப்புக்கு மிக அருகில் மட்டும் வேலை செய்யும் விசைகள் அந்த உயரத்தில் ஓய்ந்துவிடும், காந்த விசை எட்டும் என்பது கணக்கு.

கணக்கில் ஓட்டை எங்கே என்றால், மின்விசையும் அந்த உயரத்துக்கு எட்டும். ஊசியும் சாம்பிளும் வெவ்வேறு பொருள்கள் என்பதாலேயே இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு மின்னழுத்த வேறுபாடு இருக்கும். ஊசிக்குத் தெரிவது இழுப்பும் தள்ளலும்தான். இழுப்பது காந்தமா மின்னா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

இதில் தடுமாறுவது மாணவர்கள் மட்டுமில்லை. 2009இல் கிராஃபைட் பரப்பின் படிக்கட்டு போன்ற விளிம்புகளில் ஃபெரோகாந்தத் தன்மை (இரும்பைப் போன்ற காந்தத் தன்மை) இருப்பதாக எம்எஃப்எம் படங்களோடு நெதர்லாந்துக் குழு ஒன்று எழுதியது. மறு வருடமே மாட்ரிட்டில் ஒரு குழு அந்த மின்னழுத்த வேறுபாட்டை ஈடுகட்டிவிட்டு ஸ்கேன் செய்து பார்த்தது. அந்த விளிம்புச் சமிக்ஞை மின்விசையால் வருவது என்று அவர்கள் காட்டினார்கள்.

ஊசியைக் கழற்றி, காந்தத்தில் திருப்பிக் காட்டி அதன் காந்தத் திசையை மாற்றி, மறுபடி அதே இடத்தை எடுப்பது பழைய சோதனை. உண்மையான காந்த டொமைன், அதாவது ஒரே திசையில் காந்தமான பகுதி, என்றால் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். மின்விசை அப்படியே நிற்கும். பழைய ஹார்ட் டிஸ்க் துண்டில் செய்து பாருங்கள், பிட் வரிசை நிறம் மாறுவது பளிச்சென்று தெரியும்.

ஆனால் நம் மாணவரின் துகள்களுக்கு இந்தச் சோதனை உதவாது. அவ்வளவு சிறிய இரும்பு ஆக்சைடு, ஊசியின் புலம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். எப்படித் திருப்பினாலும் இழுப்புதான். எளிதில் காந்தத் திசை மாறும் மென்காந்தப் படலங்களிலும் இதே மாதிரி ஒரு தொல்லை உண்டு: ஊசியே டொமைன் சுவரை (இரண்டு டொமைன்களின் எல்லையை) இழுத்துக்கொண்டு போய்விடும். போகும்போது எடுத்த படமும் திரும்பும்போது எடுத்த படமும் ஒத்துப்போகவில்லை என்றால், நீங்கள் பார்ப்பது உங்கள் ஊசியின் கைவேலை.

சரி, அந்த வெள்ளைப் புள்ளிகள்? எங்கள் திரையில் வெள்ளை என்றால் தள்ளல். ஊசியின் புலத்துக்குத் திரும்பிக்கொள்ளும் துகள் தள்ளக் கூடாதே! நடந்தது வேறு. துகளின் மேல் ஏறும்போது ஊசி, அடியில் இருக்கும் சிலிக்கானிலிருந்து விலகுகிறது. சிலிக்கானோடு இருந்த மின் இழுப்பு அந்த இடத்தில் குறைகிறது. குறைந்த இழுப்பு, கருவியின் கண்ணுக்குத் தள்ளல் மாதிரி.

மாணவர் லேசில் நம்பவில்லை. நம்பவும் கூடாது. அதே பருமனுள்ள சிலிக்கா துகள்களை இன்னொரு தகட்டில் சொட்டுவிட்டு எடுத்து வாருங்கள், தகட்டை வெள்ளிப் பசையால் எர்த் செய்துவிடுங்கள், ஸ்டீல் ட்வீசரால் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து வந்தார். துளியும் இரும்பில்லாத சிலிக்கா. அதே ஊசி, அதே உயரம். திரையில் ஒவ்வொரு துகளும் வெள்ளைப் புள்ளியாக வந்தது.