வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட் என்ற கணினி விளையாட்டில் என் முதல் குடியிருப்பு பசியால் அழிந்தது. பசிக்குக் காரணம் வெப்பம். தோட்டத்தை ஒட்டிய அறையில் நிலக்கரி ஜெனரேட்டரையும் பேட்டரிகளையும் வைத்திருந்தேன். செடிகளைச் சுற்றி 27 டிகிரி, 28, 29 என்று மெல்ல ஏறிக்கொண்டே போனது. 30-ஐத் தாண்டியதும் மீல்வுட் செடிகள் வளர்வதை நிறுத்திவிட்டன. ஆட்கள் யாருக்கும் வெயில் தாக்கவில்லை, யாரும் வெந்து போகவில்லை. சாப்பாடுதான் நின்றுபோனது.

கனடாவின் க்ளே நிறுவனம் 2019 ஜூலையில் முழுமையாக வெளியிட்ட விளையாட்டு இது. ஒரு விண்கல்லின் வயிற்றைக் குடைந்து, அதற்குள் டூப்ளிகன்ட் எனப்படும் ஆட்களைக் குடியமர்த்த வேண்டும். வெப்பம் மிகுந்த உலகத்தில் தொடங்கினால் சுற்றியுள்ள பாறையே சுடும். மிதமான உலகமாக இருந்தாலும் கடைசியில் அதே இடத்துக்குத்தான் வந்து சேருவோம். ஓடுகிற ஒவ்வொரு இயந்திரமும் வெப்பத்தைக் கக்குகிறது. தண்ணீரைப் பிரித்து ஆக்சிஜன் எடுத்தால், அந்தக் காற்று 70 டிகிரியில்தான் வெளியே வரும். மூடிய பாறைக்குள் இதெல்லாம் எங்கே போகும்? எங்கும் போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும்.

இங்கே புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது, அதை உற்பத்தி செய்யவும் முடியாது. ஓரிடத்தில் இருக்கும் வெப்பத்தை எடுத்து வேறோரிடத்தில் போடத்தான் முடியும். வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் கை வைத்துப் பார்த்தால் தெரியும், உள்ளே இருந்த சூடு அங்கேதான் வெளியேறிக்கொண்டிருக்கும்.

விளையாட்டில் இந்த வேலையைச் செய்வது அக்வாட்யூனர். குழாயில் வரும் திரவத்தை அது 14 டிகிரி குளிர்வித்து அனுப்பும். 40 டிகிரியில் நுழைந்த தண்ணீர் 26 டிகிரியில் வெளியே வரும். ஒரு குழாயில் நொடிக்கு 10 கிலோ தண்ணீர் ஓடும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி மாற்ற 4.179 அலகு வெப்பம் வேண்டும், நிஜத் தண்ணீருக்கும் கிட்டத்தட்ட அதே எண்தான். பெருக்கிப் பார்த்தால் நொடிக்குச் சுமார் 5,85,000 அலகு வெப்பம் குழாயிலிருந்து உருவப்படுகிறது. அது அத்தனையும் அக்வாட்யூனரின் உடம்பில் வந்து இறங்குகிறது.

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். குழாய் ஜில்லென்று இருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறோம், இயந்திரத்தைப் பார்ப்பதில்லை. சரி, அதை 10 டன் தண்ணீர் உள்ள தொட்டிக்குள் இறக்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். விளையாட்டில் ஒரு நாள் என்பது 600 நொடி. இயந்திரம் நிற்காமல் ஓடினால் தொட்டி ஒவ்வொரு நாளும் 8 டிகிரிக்கு மேல் சூடேறும். பத்து நாளுக்குள் கொதித்துவிடும். தொட்டியைப் பெரிதாக்கினால் கூடுதலாகச் சில நாள் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆகவே கொதிக்கட்டும் என்றே விட்டுவிட வேண்டும். அனுபவசாலிகள் அக்வாட்யூனரை வெப்பம் புகாத காப்புச் சுவர்களால் அடைத்த சின்ன அறைக்குள் வைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அது ஆவியாகும் வரை காத்திருப்பார்கள். கூரையின் மேல் நீராவி டர்பைன் உட்கார்ந்திருக்கும். ஆவி 125 டிகிரியைத் தொட்டதும் டர்பைன் அதை உறிஞ்சி, மின்சாரம் தந்துவிட்டு, 95 டிகிரித் தண்ணீராகத் திருப்பிக் கொடுக்கும். அந்தத் தண்ணீரைக் குழாய் வழியே மறுபடியும் அதே அறைக்குள் விட வேண்டும். அக்வாட்யூனரை எஃகில் கட்டுவது முக்கியம். செப்புத் தாதுவில் கட்டினால் 125 டிகிரியிலேயே அளவுக்கு மீறிச் சூடாகிப் பழுதாகத் தொடங்கும், அதாவது டர்பைன் ஓட ஆரம்பிக்கும் அதே புள்ளியில். எஃகு 325 வரை தாங்கும்.

நீராவி 200 டிகிரியில் இருக்கும்போது டர்பைன் 850 வாட் தரும். அந்த நேரத்தில் அது ஆவியிலிருந்து நொடிக்கு எடுக்கும் வெப்பமோ சுமார் 8,78,000 அலகு. பத்தில் ஒரு பங்கு டர்பைனையே சூடாக்குகிறது. தன் உடல் 100 டிகிரியைத் தாண்டினால் அது நின்றுவிடும், அதனால் குளிர்ந்த குழாயின் ஒரு கிளையை அதன் பின்னாலும் ஓட்டுவார்கள். மீதி ஒன்பது பங்கில் ஒரு துளி மட்டும் மின்சாரமாகிறது, மற்றது உலகத்திலிருந்தே மறைந்துவிடுகிறது.

இயற்கை இதற்கு ஒருபோதும் சம்மதிக்காது. ஆற்றல் அழிவதில்லை. அக்வாட்யூனர் செய்வதும் நிஜத்தில் நடக்காத காரியம்: விளையாட்டின் ஓர் அலகை ஒரு ஜூல் என்று கொண்டால், 1,200 வாட் மின்சாரத்தில் அது நகர்த்துவது அதைப்போல் 487 மடங்கு வெப்பம். 27 டிகிரி அறையிலிருந்து 127 டிகிரி அறைக்கு வெப்பத்தை ஏற்ற வேண்டுமானால், குறையே இல்லாத இயந்திரத்துக்கும் வெப்ப இயக்கவியல் அனுமதிப்பது 3 மடங்குதான். இன்னொரு சலுகையும் உண்டு. நிஜத்தில் கொதிநிலைக்கு வந்த ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 2,260 கிலோஜூல் தேவை. விளையாட்டில் அந்த உள்ளுறை வெப்பமே கிடையாது.

இதைக் குறையாக நான் நினைக்கவில்லை. வெப்பம் மறைந்துபோக ஒரு கதவைத் திறந்துவைத்து, மற்றபடி நிஜமான விதிகளை நம் தலையில் சுமத்துகிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அந்தக் கதவு கிடையாது. உள்ளே குழாய்களில் ஓடும் தண்ணீர் கருவிகளின் சூட்டை வாங்கி, வெளியே ஓடும் அம்மோனியாவிடம் ஒப்படைக்கிறது. அம்மோனியா அதைப் பெரிய பலகைகளுக்குக் கொண்டுபோகிறது. அங்கிருந்து அகச்சிவப்புக் கதிராக அது விண்வெளிக்குள் போய்விடுகிறது. வெற்றிடத்தில் வெப்பம் வெளியேற வேறு வழியில்லை.

விளையாட்டில் வெற்றிடம் எதையும் கடத்தாது, கதிர்வீச்சும் இல்லை. அதனால் இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டால் அதைவிட நல்ல காப்பு வேறில்லை. சுடும் உலகத்தில் இறங்கினால் நான் இப்போதெல்லாம் முதலில் செய்வது இதைத்தான்: தோட்டத்தைச் சுற்றி இரட்டைச் சுவர் எழுப்பி, இடையிலுள்ள காற்றை வெளியேற்றுவது. ஜெனரேட்டர் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும். எஃகு கைக்கு வரும் வரைக்கும் செடிகள் 30-க்குக் கீழே தாக்குப்பிடிக்க அது போதும்.