சர்வீஸ் ஓடுகிறதா, செத்துவிட்டதா?

லினக்ஸில் ஒரு புரோகிராமைப் பின்னணியில் ஓடவிடுவது பெரிய வித்தை இல்லை, கட்டளையின் கடைசியில் ஒரு ஆம்பர்சண்ட் (&) போட்டாலே போதும். பூட் ஆனதும் தானாகக் கிளம்ப வைப்பதும் சுலபம்தான். கிளம்பியது இன்னும் உயிரோடு இருக்கிறதா, நிறுத்தச் சொன்னால் யாரை நிறுத்துவது என்கிற இடத்தில்தான் பழைய ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டுகள் திணறின.

சிஸ்டம் ஃபைவ் இனிட் என்ற பழைய ஸ்டார்ட்அப் முறையில், சர்வீஸ் எனப்படும் பின்னணிப் புரோகிராம் ஒவ்வொன்றுக்கும், கட்டளைகளை எழுதிவைத்த ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். எஸ்20, எஸ்80 என்று பெயரில் எண் போட்ட லிங்குகள் இருக்கும், அந்த வரிசையில் ஒவ்வொன்றாகக் கிளம்பும். டேட்டாபேஸுக்கு முன்னால் வெப் சர்வர் எழுந்துவிட்டால் எண்ணை மாற்ற வேண்டியதுதான்.

டீமன், அதாவது பின்னணியில் ஓடும் சர்வீஸ் புரோகிராம், என்ன செய்யும் என்றால், ஃபோர்க் செய்து தன்னைப் பிரதி எடுத்துக்கொள்ளும், மூலப் புராசஸ் (முதலில் ஓடிக்கொண்டிருந்தது) வெளியேறிவிடும், அநாதையான பிரதியை 1ஆம் எண் புராசஸான இனிட் தத்தெடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்டுக்கும் அதற்கும் உறவு அத்தோடு சரி. அதனால் டீமன் தன் புராசஸ் எண்ணை, 4127 என்று வைத்துக்கொள்வோம், ஒரு கோப்பில் எழுதிவைக்கும். கிராஷ் ஆனாலும் கோப்பு அப்படியே கிடக்கும். லினக்ஸின் மையமான கர்னலோ எண்களைத் திரும்பப் பயன்படுத்தும். வெகுகாலம் உச்சவரம்பே 32768தான். ஆக, 4127 பிற்பாடு வேறு யாருக்காவது போயிருக்கலாம். அந்த நேரம் பார்த்து ஸ்டாப் கொடுத்தால், கோப்பை மட்டும் நம்பும் ஸ்கிரிப்ட் சம்பந்தமே இல்லாத ஒரு புராசஸைத் தீர்த்துக்கட்டும்.

2010இல் லெனார்ட் போட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் பழைய இனிட்டுக்கு மாற்றாகக் கொண்டுவந்த சிஸ்டம்டி இந்தக் கோப்பு விளையாட்டை ஓரங்கட்டியது. (அதற்காக நடந்த சண்டையில் டெபியன் என்ற லினக்ஸ் வகையிலிருந்து டெவுவான் என்று ஒரு கூட்டம் பிரிந்தே போனது, அது தனிக்கதை.) புராசஸ்களைக் குழுவாகக் கட்டிவைக்க கர்னலில் ஏற்கனவே இருந்த சிகுரூப் வசதியை வைத்து ஒவ்வொரு சர்வீஸையும் தனிக் குழுவில் போடுகிறது. எத்தனை முறை ஃபோர்க் செய்தாலும் பிள்ளை, பேரன் எல்லாம் அதே குழுவில்தான் பிறக்கும். நிறுத்தச் சொன்னால் குழு மொத்தத்துக்கும் சிக்டெர்ம் என்ற 'முடித்துக்கொள்' சிக்னல் போகும், வழக்கமாக 90 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, அடங்காததற்கு உடனே கொன்றுவிடும் சிக்கில்.

அதனால் இப்போது ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் பழைய பழக்கத்தை விட வேண்டும். கடைசி வரியில் ஆம்பர்சண்ட் போட்ட ஷெல் ஸ்கிரிப்டை சர்வீஸ் கோப்பில் எதை ஓட்டுவது என்று சொல்லும் எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் கொடுத்து, டைப்பை சிம்பிள் (கிளப்பிய புராசஸே சர்வீஸ்) என்று விட்டால், ஸ்கிரிப்ட் முடிந்த கணமே சர்வீஸும் முடிந்தது என்று சிஸ்டம்டி நினைத்து, குழுவில் மிச்சமிருக்கும் உங்கள் புரோகிராமையும் சேர்த்துக் கொன்றுவிடும். கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாகப் போட்டால் உடனே நின்றுவிடுகிறது என்று வரும் புலம்பல்களில் இது அடிக்கடி தட்டுப்படும் காரணம். ஆம்பர்சண்டை எடுத்துவிட்டு, புரோகிராமின் பெயருக்கு முன்னால் எக்ஸெக் என்று போடுங்கள்: ஷெல் இருந்த இடத்தில் அதே எண்ணோடு உங்கள் புரோகிராம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம், முழுப் பாதையையும் எழுதிவிடுங்கள், உங்கள் ஷெல்லின் பாத் அமைப்பு (புரோகிராம்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) பூட் நேரத்தில் அங்கே இருக்காது.