ஒரு 'ட' எங்கே போனது?

தருமபுரி நூலகம் ஒன்றில் இரண்டு நாள் ஹேக்கத்தான். ஸ்கேன் செய்த பழைய அச்சுப் புத்தகங்களைக் கணினியைப் படிக்க வைக்க வேண்டும், அதுதான் போட்டி. இரண்டாம் நாள் மதியம், பாலக்கோட்டிலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவி ஒருவர் மடிக்கணினியோடு என்னிடம் வந்தார்.

"சார், பக்கத்துல 'படடம'ன்னு ரெண்டு 'ட' தெளிவா இருக்கு. இது 'படம'ன்னே படிக்குது. ஒரு 'ட'வ எங்க சார் முழுங்குது?"

டீ வந்துவிட்டதால் அங்கே அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. மிச்சம் இங்கே.

முதலில் அந்த 'படடம'. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறிய காலத்திலும் அந்த ஓலை வழக்கம் விடவில்லை. பட்டம், 'படடம' என்றே நின்றது. துணைக்காலுக்கும் 'ர'வுக்கும்கூட ஒரே உருவம்தான். நாம் இடம் பார்த்துப் படித்துவிடுவோம்.

பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவது, சாய்வை நிமிர்த்துவது, வரி வரியாக நறுக்குவது எல்லாம் பழகிய வேலைகள். சரஸ்வதி பூஜையில் குங்குமம் அப்பிய பக்கம் மட்டும் கறுப்புத் திட்டாகிவிடும். கும்பிட்ட நேரத்தில் நாலு பக்கம் படித்திருக்கலாம் என்பது என் கட்சி.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். அந்தக் காலத்து மென்பொருள்கள் வரியை எழுத்தெழுத்தாக வெட்டிப் பார்த்தன. மை ஊறி எழுத்துகள் ஒட்டிக்கொண்ட பழைய அச்சில் எங்கே வெட்டுவது? இப்போதையவற்றில் பல வெட்டுவதே இல்லை. 2006-ல் அலெக்ஸ் கிரேவ்ஸும் சகாக்களும் வெளியிட்ட சி.டி.சி. (Connectionist Temporal Classification) என்ற உத்திதான் அதற்கு வழி செய்தது. அதை ஒரு பஸ் பயணமாகச் சொல்கிறேன்.

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் போகிறோம். ஜன்னலோரம் ஒரு பையன். நிமிஷத்துக்கு ஒருமுறை, கடைப் பலகையில் தெரியும் ஊர்ப்பெயரை அவன் சொல்ல வேண்டும். வெறும் மாந்தோப்பு என்றால் 'ஒன்றுமில்லை' என்று சொல்ல வேண்டும். "ஒன்றுமில்லை, காரிமங்கலம், காரிமங்கலம், ஒன்றுமில்லை, காவேரிப்பட்டினம், காவேரிப்பட்டினம்..." அடுத்தடுத்து வரும் ஒரே பெயரை ஒன்றாக்கி, பிறகு 'ஒன்றுமில்லை'களை அடித்துவிட்டால், வழியில் வந்த ஊர்கள் வரிசையாகக் கிடைத்துவிடும். எந்த ஊர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாரும் கோடு போடவில்லை.

கணினியும் வரியை மெல்லிய கீற்றுகளாகப் பார்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு கீற்றுக்கும் ஓர் எழுத்தையோ 'ஒன்றுமில்லை'யையோ சொல்கிறது. 10 கீற்றுகளில் 'படம' என்ற மூன்றெழுத்தை மட்டும் 1716 விதமாகச் சொல்லலாம். கற்றுக்கொடுக்கும்போது அதில் எது சரி என்று நாம் சொல்வதில்லை. வரியின் படமும் அதன் சரியான வாசகமும் போதும். அத்தனை வழிகளின் நிகழ்தகவையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை ஏறும்படி அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. எழுத்து எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுகிறது! எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

அந்த 'சரியான வாசகம்' தானாக வராது. யாரோ உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்க வேண்டும். ஸ்கேனர் வாங்கப் பணம் ஒதுக்குகிறார்கள். மெய்ப்புப் பார்க்கும் தமிழாசிரியருக்குப் பேருந்துக் கட்டணம்கூட ஒதுக்குவதில்லை.

சரி, தொலைந்த 'ட'. ஒரே பெயரில் இரண்டு ஊர் அடுத்தடுத்து வந்தால் என்ன ஆகும்? நடுவில் ஒரு 'ஒன்றுமில்லை' இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். மாணவியின் பக்கத்தில் மை பரவி இரண்டு 'ட'வும் ஏறக்குறைய ஒட்டிக்கிடந்தன. கணினிக்கு நடுவில் மாந்தோப்பே தெரியவில்லை. இன்றைய அச்சில் முதலில் வருவது 'ட்', அடுத்தது 'ட'. இரண்டும் வேறு என்பதால் இந்த வம்பு இல்லை.

வரியின் படத்தைப் பக்கவாட்டில் கொஞ்சம் இழுத்து அகலமாக்கச் சொன்னேன். கீற்றுகள் கூடினால் அந்த மெல்லிய இடைவெளிக்கும் ஒரு கீற்று கிடைக்கும். 'படடம', 'வடடம', 'கூடடம' வரும் வரிகளைத் தேடி, கையால் திருத்திப் பயிற்சியில் சேர்க்கவும் சொன்னேன்.

மாலையில் 'படடம' சரியாக வந்தது. பக்கத்திலேயே 'கரடு' என்று ஒரு சொல். அது கரடா, காடா என்று கேட்டு அடுத்த குழு வந்து நின்றது.